வாக்கு எண்ணும் நாள் வரை அசையாத விலை

2021 நவம்பர் 2ஆம் தேதி இடைத்தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டன. இமாச்சலப் பிரதேசத்தில் மண்டி மக்களவைத் தொகுதியோடு மூன்று சட்டமன்றத் தொகுதிகளையும் காங்கிரஸ் பிடித்தது. அங்கே ஆட்சியில் இருந்த பாஜகவுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோல்விக்கு என்ன காரணம் என்று கேட்டபோது முதல்வர் ஜெய்ராம் தாக்கூர் விலைவாசியைச் சொன்னார். மறுநாள் மாலை, தீபாவளிக்கு முந்தின நாள், மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது.

அதற்கு இரண்டரை மாதம் முன்பு, ஆகஸ்டில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வேறு விதமாகப் பேசியிருந்தார். காங்கிரஸ் ஆட்சியில் மானியத்துக்குப் பதிலாக எண்ணெய் நிறுவனங்களுக்குக் கொடுத்த எண்ணெய்ப் பத்திரங்களின் கடன் கழுத்தை நெரிக்கிறது, அதனால் வரியைக் குறைக்க வழியில்லை என்பது அவர் விளக்கம். நவம்பரில் அந்தப் பத்திரங்கள் எங்கும் போய்விடவில்லை. நடுவில் ஒரு இடைத்தேர்தல் முடிவு வந்தது, அவ்வளவுதான். அன்றைய தேதியில் அசாமிலும் மத்தியப் பிரதேசத்திலும் பாஜக அணி நன்றாகவே வென்றிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் உத்தரப் பிரதேசத் தேர்தல் மூன்று மாதத்தில் வரவிருந்த நிலையில், ஒரு சிறிய மலை மாநிலத்தின் நான்கு தொகுதிகள் போதுமானதாக இருந்தன.

எரிபொருள் விலை ஏறினால் ஆளுங்கட்சி தோற்குமா என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு நேரான பதில் கிடையாது. ஆளுங்கட்சி எந்த நேரத்தில் இதற்குப் பயப்படுகிறது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும், ஏனென்றால் அந்தப் பயம் பெட்ரோல் பங்க் விலைப்பலகையில் தேதியோடு பதிவாகியிருக்கிறது.

2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் விலை தினமும் மாற்றப்படும் என்று அறிவித்தார்கள். கச்சா எண்ணெய் விலையையும் டாலர் மதிப்பையும் பார்த்து எண்ணெய் நிறுவனங்களே காலை 6 மணிக்கு விலையை நிர்ணயிக்கும், அரசுக்கு இதில் பங்கில்லை என்றார்கள். மறு ஆண்டே கர்நாடகத்தில் தேர்தல் வந்தது. 2018 ஏப்ரல் 24 முதல் 19 நாட்கள் விலை ஒரு பைசாகூட நகரவில்லை. உலகச் சந்தையில் அப்போது கச்சா எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது. மே 12 வாக்குப்பதிவு முடிந்தது; மே 14 காலை விலை மறுபடி ஏறத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் நாமும் இதை அனுபவித்திருக்கிறோம். 2021 பிப்ரவரி கடைசியில் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டதும் ஏறிக்கொண்டிருந்த விலை நின்றது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் சில காசுகள் இறங்கவும் செய்தது. ஏப்ரல் 6ஆம் தேதி நடிகர் விஜய் சைக்கிளில் வந்து வாக்களித்தார். வாக்குச்சாவடி பக்கத்துத் தெருவில், காரை நிறுத்த இடமில்லை என்று அவர் தரப்பு சொன்னது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெட்ரோல் விலையைத்தான் நினைத்தார்கள். எவரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த அர்த்தம் மனதில் தோன்றும் அளவுக்கு விலை எல்லோர் நினைப்பிலும் இருந்தது. மே 2ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. மே 4 முதல் ஏற்றம். சென்னையில் 92 ரூபாய் 43 காசாக இருந்த பெட்ரோல் ஜூலை தொடக்கத்தில் 100 ரூபாயைத் தாண்டியது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வெளிப்படையானது. தீபாவளிக் குறைப்புக்குப் பிறகு 137 நாட்கள் விலை அப்படியே இருந்தது. அந்த இடைவெளியில்தான் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 130 டாலரைத் தாண்டியது. உலகமே பதறிக்கொண்டிருந்தபோது இந்தியப் பங்க்குகளில் மட்டும் அமைதி. மார்ச் 10 அன்று உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட தேர்தல்களின் முடிவுகள் வந்தன. ஐந்து மாநிலங்களில் நான்கு பாஜகவுக்கு. மார்ச் 22 முதல் 16 நாட்களில் 14 முறை ஏற்றி, லிட்டருக்கு 10 ரூபாய் கூட்டினார்கள். சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு ஆனது. டீசலும் 100 ரூபாயைக் கடந்தது.

இந்த விலை வாக்காளரின் உள்ளத்தில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க, ஒரு பங்க்கில் பத்து நிமிடம் நின்றால் போதும். இரு சக்கர வண்டியில் வருகிறவர்களில் மிகச் சிலரே லிட்டர் கணக்கில் கேட்கிறார்கள். "அண்ணே, நூறுக்குப் போடுங்க." "ஜீரோ பாத்துக்குங்க சார்." மீட்டர் ஓடி நூறில் நிற்கிறது. கொடுத்த பணம் அதே நூறு. உள்ளே போன அளவுதான் மாறியிருக்கிறது. 2020 மே மாதம் சென்னையில் லிட்டர் 75 ரூபாய் 54 காசு. அப்போது நூறு ரூபாய்க்கு 1,320 மில்லி கிடைத்தது. பதினான்கு மாதம் கழித்து அதே நோட்டுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால், 66 கிலோமீட்டர் 50 ஆகச் சுருங்கியது. அவர் அதை விலைப்பலகையில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. வியாழக்கிழமை வரை வந்துகொண்டிருந்த பெட்ரோல் செவ்வாய்க்கிழமையே ரிசர்வில் விழும்போது தெரிந்துகொள்கிறார்.

இதனால்தான் பெட்ரோல் விலை மற்ற விலைகளைவிட அரசியலில் கூர்மையாக இருக்கிறது. பருப்பு விலை கடைக்குக் கடை மாறும். கடைக்காரரைத் திட்டலாம், மழையைக் குறை சொல்லலாம். பெட்ரோல் விலை ஊர் முழுக்க ஒன்று, வாரத்துக்கு இரண்டு முறை கண்ணில் படும், விற்பவர் அரசு நிறுவனம். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும்தான் நாட்டின் பெரும்பாலான பங்க்குகளை நடத்துகின்றன. நிறுவனம்தான் நிர்ணயிக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும், மக்கள் விரல் நீட்டுவது அரசை நோக்கித்தான். அது நியாயமும்கூட.

டீசலின் பாதை வேறு. அது வாகனம் இல்லாத வீட்டுக்குள்ளும் நுழைகிறது, தன் பெயரைச் சொல்லாமல். லாரி ஓட்டும் செலவில் டீசல்தான் பெரும்பங்கு. ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றும் லாரி வாடகை, டெல்டாவில் அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் கொடுக்கும் வாடகை, உழவுக்கு வரும் டிராக்டர் கூலி எல்லாம் டீசலைத் தொட்டுத்தான் ஏறுகின்றன. டீசல் இறங்கும்போது இந்த வாடகைகள் இறங்கி நான் பார்த்ததில்லை. கத்தரிக்காயை ஐந்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும் அம்மாவுக்கு அதில் கலால் வரி எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. அதனால் டீசல் ஏற்றம் 'விலைவாசி' என்ற பொதுக் கோபத்தில் கரைந்துவிடுகிறது. பெட்ரோல் கோபத்துக்கு முகவரி உண்டு. டீசல் கோபத்துக்கு அது இல்லை.

விலை ஏறுவதை மக்கள் கவனிக்கிறார்கள். இறங்க வேண்டிய விலை இறங்காமல் நிற்பதை அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை. கடந்த பத்தாண்டு எரிபொருள் அரசியலின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன்.

2014இல் பாஜகவின் தேர்தல் விளம்பரங்கள் விலைவாசியின் அடி போதும், இந்த முறை மோடி ஆட்சி என்று இந்தியில் முழங்கின. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் கச்சா எண்ணெய் சரியத் தொடங்கியது. அந்தச் சரிவு அப்படியே பங்க்குக்கு வரவில்லை. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை ஒன்பது முறை கலால் வரி ஏற்றப்பட்டது. பெட்ரோலுக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. பங்க்கில் விலை ஏறாததால் தெருவில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், பிரென்ட் 20 டாலருக்கும் கீழே போனது. மே முதல் வாரத்தில் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி கூட்டப்பட்டது. மறுநாள் பங்க்கில் அந்த வரியால் ஒரு பைசா மாற்றமில்லை. 2014இல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த பெட்ரோல் கலால் வரி 32 ரூபாய் 98 காசு ஆகியிருந்தது. 2020-21 நிதியாண்டில் இந்தக் கலால் வரியிலிருந்து மத்திய அரசுக்கு வந்த தொகை 3.7 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

முந்தைய ஆட்சி இதற்கு நேர்மாறாகச் செய்தது. மன்மோகன் சிங் அரசு 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே அடியில் ஏழரை ரூபாய் ஏறியது. நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. செப்டம்பரில் டீசலுக்கு 5 ரூபாய் கூட்டி, மானிய விலை சிலிண்டரை ஆண்டுக்கு ஆறாகக் குறைத்தபோது, அதையும் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டையும் எதிர்த்து மம்தா பானர்ஜி கூட்டணியைவிட்டே வெளியேறினார். 2013 ஜனவரி முதல் டீசலுக்கு மாதம் ஏறத்தாழ 50 காசு கூட்டிக்கொண்டே வந்தார்கள். நிதிக் கணக்கில் பார்த்தால் அது பொறுப்பான முடிவு. வாக்குக் கணக்கில், மாதாமாதம் எதிர்க்கட்சிக்கு ஒரு செய்தியைத் தாங்களே எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காசுகள் சேர்ந்து, டீசலை அடக்கவிலைக்குக் கீழே விற்றதால் வந்த நட்டம் முழுமையாக அடைபட்டது 2014 செப்டம்பரில்தான். அதன் பலனை அனுபவித்தது அடுத்த ஆட்சி. அக்டோபரில் டீசல் கட்டுப்பாட்டை நீக்கியதும் அவர்களே. 2014 தோல்விக்கு ஊழல் குற்றச்சாட்டுகள் உட்படப் பல காரணங்கள் உண்டு என்றாலும், பார்க்கும்படி ஏற்றியவர்கள் தண்டனை பெற்றார்கள், பார்க்காதபடி எடுத்தவர்கள் தப்பித்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எந்த மாதம் ஏற்றினோம் என்பதும் முக்கியம். 2011 மே மாதம் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா, அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடியும்வரை காத்திருந்து, நவம்பரில் பேருந்துக் கட்டணத்தையும் ஆவின் பால் விலையையும் கடுமையாக ஏற்றினார். ஊரெங்கும் புலம்பல். ஆனால் 2014 மக்களவைத் தேர்தலில் 39க்கு 37 அவருக்கே வந்தது. 2016இல் ஆட்சியும் தொடர்ந்தது. 2018 ஜனவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பேருந்துக் கட்டணத்தை ஏற்றியபோது கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாட்களுக்குள் கொஞ்சம் குறைக்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் ஜெயலலிதாவின் செல்வாக்கும் இல்லை, கையில் கால அவகாசமும் இல்லை.

இதில் மாநிலமும் மத்தியும் ஒருவர் மேல் ஒருவர் பழியைத் தள்ளும் விளையாட்டு தனி. மாநிலங்களின் மதிப்புக்கூட்டு வரி பெரும்பாலும் சதவீதக் கணக்கில் இருப்பதால், விலை ஏறினால் மாநிலக் கருவூலமும் தானாக நிறைகிறது. அதனால் ஏற்றத்தை எதிர்த்து மாட்டுவண்டி ஊர்வலம் போகும் கட்சியும், ஆட்சியில் இருக்கும் மாநிலத்தில் அந்த வருமானத்தை விடுவதில்லை. (1973இல் இந்திரா காந்தி ஆட்சியில் பெட்ரோல் விலை உயர்ந்தபோது வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் வந்தார், அந்த வண்டி அதன் பிறகு எல்லாக் கட்சிக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.) ஆனால் மத்திய வரியின் உள்ளடக்கம் பலருக்குத் தெரியாதது. 2021இல் பெட்ரோலுக்கு வாங்கிய 32 ரூபாய் 90 காசில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றதெல்லாம் சாலை, வேளாண்மை என்ற பெயர்களில் செஸ்ஸும் கூடுதல் வரியும். அடிப்படை வரியில்தான் மாநிலங்களுக்கு 41 சதவீதப் பங்கு. அதாவது லிட்டருக்கு 57 காசு, அதையும் எல்லா மாநிலங்களும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

திமுக 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம், சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் தருவோம் என்றது. ஆகஸ்டில் அன்றைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த திருத்திய நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் மட்டும் குறைந்தது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கும் சொன்னார்கள். டீசலைத் தொடவில்லை. மாநிலத்தில் உள்ள இரு சக்கர வாகனங்களையும் அவற்றை ஓட்டும் உழைக்கும் மக்களையும் சுட்டிக்காட்டி எடுத்த முடிவு அது. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவர்தான் வாக்காளர் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. நவம்பரில் மத்திய அரசு குறைத்தபோது, பாஜக அணி ஆளும் மாநிலங்கள் வரிசையாகத் தங்கள் வரியையும் குறைத்தன. புதுச்சேரியும் குறைத்தது, அந்தப் பக்கம் போகிறவர்கள் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்பும் வழக்கம் கூடியது. 2022 ஏப்ரலில் பிரதமர் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களைப் பெயர் சொல்லி, ஏன் குறைக்கவில்லை என்று கேட்டார். மறுநாள் சட்டமன்றத்தில் ஸ்டாலின், இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை என்று பதில் சொன்னார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பங்க்கில் நின்றவருக்கு அன்று விலை குறையவில்லை.

சலுகை கொடுத்தால் வாக்கு வந்துவிடுமா என்றால், அதற்கும் உறுதி கிடையாது. ராஜஸ்தானில் அசோக் கெலாட் அரசு 2023 ஏப்ரலிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு 500 ரூபாய்க்கு சிலிண்டர் கொடுத்தது. டிசம்பரில் ஆட்சி போயிற்று. இதைவிட அழுத்தமான உதாரணம் இலங்கையில் இருக்கிறது. 2022இல் அங்கே பிரச்சினை விலையையும் தாண்டிப் பொருளே இல்லாத நிலைக்குப் போனது. டாலர் கையிருப்பு தீர்ந்து, கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. எரிபொருள் நிரப்பு நிலையங்களில் நாள்கணக்கில் வரிசை. வரிசையில் நின்றபடியே முதியவர்கள் உயிரிழந்தார்கள். நிலையங்களுக்கு இராணுவக் காவல் போடப்பட்டது. 92 ஒக்டேன் பெட்ரோல் ஜூனில் லிட்டர் 470 ரூபாய். தேர்தலுக்காகக் காத்திருக்க மக்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் கூட்டம் புகுந்தது. 13ஆம் தேதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார்.

அதன் பிறகு ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க க்யூஆர் அட்டை முறையில் பங்கீடு செய்து வரிசைகளை ஒழித்தார். ஆனால் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. வடக்கின் சிறு படகு மீனவர்களுக்கு அது கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ரணில் சுயேச்சையாக நின்றார், சின்னம் எரிவாயு சிலிண்டர். வரிசையில் நின்ற நாட்களை மறந்துவிடாதீர்கள் என்பதே அவருடைய பிரசாரத்தின் சாரம். மக்கள் அவருக்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள், 17 சதவீத வாக்கு. வரிசை தீர்ந்தது என்ற நன்றியைவிட, தீர்ந்த பிறகு கொடுக்க வேண்டியிருந்த விலைதான் வாக்குச்சாவடி வரை கூட வந்தது.

இந்தியாவுக்குத் திரும்பினால், 2022 மே மாத வரிக்குறைப்புக்குப் பிறகு தினசரி விலை மாற்றம் என்ற ஏற்பாடு நடைமுறையில் நின்றேபோனது. 2022-23 நிதியாண்டின் முதல் காலாண்டில் மூன்று எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 18,480 கோடி ரூபாய் நட்டப்பட்டன. சமையல் எரிவாயு இழப்பை ஈடுகட்ட அரசு 22,000 கோடி கொடுத்தது. பிறகு கச்சா எண்ணெய் இறங்கியது, விலை இறங்கவில்லை. 2023-24இல் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் 80,000 கோடியைத் தாண்டியது. 2024 மார்ச் 14 இரவு லிட்டருக்கு 2 ரூபாய் குறைப்பு அறிவிப்பு வந்தது. மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதிகள் வெளியாயின. ஓராண்டு கழித்து, 2025 ஏப்ரலில், கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் கூடியது. கச்சா எண்ணெய் இறங்கியிருந்ததால் பங்க்கில் மாற்றமில்லை.

இந்தத் தேதிகளுக்குள் வராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு ஆட்டோ மீட்டர் கட்டணத்தை 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. அப்போது சென்னையில் பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. அது 100ஐத் தாண்டி, 110ஐத் தொட்டு, மறுபடி 100க்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அரசாணையில் இருந்த கட்டணம் மாறவில்லை. 2024 வரை இடையில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள், மூன்று மக்களவைத் தேர்தல்கள் வந்து போயின. ஏற்றினால் பயணிகள் கோபிப்பார்கள் என்று எந்த ஆட்சியும் அதைத் தொடவில்லை. பயணிகளின் எண்ணிக்கை அதிகம், ஓட்டுநர்களின் எண்ணிக்கை குறைவு. மீட்டரைப் போட்டு ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று ஓட்டுநர் அதன் மேல் துணியைப் போட்டு மூடிவைத்தார். ஏறுகிறவர் மீட்டர் போடச் சொல்லிக் கேட்கிறார், அவர் பெட்ரோல் விலையைச் சொல்கிறார், இரண்டு பேரும் தெருவில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள்.